விலை வாங்காத கயிறு

கயிற்றுக்கடை வாசலில் நின்ற வரலாற்றுப் பலகையைச் சாலை அகலப்படுத்துகிறவர்கள் கம்பத்தோடு பிடுங்கி லாரியில் ஏற்றியபோது, தெருவில் இருந்த எல்லோரும் ஐயோ பாவம் என்ற முகத்தோடு கடைக்காரரைப் பார்த்தார்கள். கடைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். துக்கம் தாளவில்லை என்று பக்கத்துப் பெயிண்ட் கடைக்காரர் உச்சுக் கொட்டினார். உள்ளே போனவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“போயிடுச்சு.”

“திரும்பி வராம இருக்கணுமே,” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அந்தப் பலகை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இரும்பில் வார்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்து, எழுத்துக்கு வெள்ளை கொடுத்து, ஆள் உயரக் கம்பத்தில் மாட்டியிருந்தார்கள். வாசகம் நாலே வரி. ‘பெருவெள்ளத்தின்போது இக்கடையின் உரிமையாளர் தம்மிடம் இருந்த கயிறு முழுவதையும் விலை வாங்காமல் பெருந்தன்மையுடன் வழங்கினார். அக்கயிற்றால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கரை சேர்ந்தனர்.’ உரிமையாளர் என்றது இப்போதைய கடைக்காரரின் தாத்தாவை. திறந்து வைத்த அன்று பேரன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் போட்டோவுக்கு நின்றார். நிமிர்ந்த நெஞ்சு மூன்று நாள்தான் தாக்குப்பிடித்தது.

நாலாம் நாள் ஒரு லாரிக்காரர் வந்தார். பலகையை வாய்விட்டுப் படித்தார். பாரம் கட்டுகிற கயிறு கேட்டார். விலையைச் சொன்னதும் திரும்பிப் பலகையை இன்னொரு தடவை பார்த்தார்.

“உங்க தாத்தா மொத்தக் கடையையும் சும்மாத் தூக்கிக் கொடுத்திருக்காரு. நீங்க ஒரு ரெண்டு மீட்டர் கூடப் போட மாட்டீங்களா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்தப் பரம்பரையில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

கடைக்காரரைத் தெருவில் இழுவை என்பார்கள். முகத்துக்கு நேராக இழுவை அண்ணன். பேரம் என்று உட்கார்ந்துவிட்டால் ஜவ்வாக இழுப்பார். வந்தவருடைய பெண்ணின் கல்யாணம், பையனின் வேலை, முட்டிவலி எல்லாம் விசாரிப்பார். நடுவில் டீ வரும். டீயோடு விலையும் ஆறும் என்று வந்தவர் நினைப்பார், ஆறாது. கடைசியில் களைத்துப்போய், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, ஆனால் ஏதோ ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்போடு போவார். பேரம் என்பது ரெண்டு பேர் ஆடுகிற ஆட்டம். யாரிடம் என்ன சீட்டு இருக்கிறது என்று தெரியாததுதான் அதில் ருசி. அந்தப் பலகை வந்த பிறகு, வருகிற ஒவ்வொருவன் கையிலும் துருப்புச் சீட்டை வாசலிலேயே கொடுத்து அனுப்பியது போல ஆயிற்று. இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தாத்தா வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார். வெள்ளையடிக்கிறவர் வந்தாலும் தாத்தா, படகுக்காரர் வந்தாலும் தாத்தா, ஊஞ்சல் கட்ட ஒரு கயிறு வாங்க வந்த ஸ்கூல் டீச்சர்கூடக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “வரலாறுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுங்க சார்,” என்று சொல்லி ஒரு பந்து நூலை இனாமாக வாங்கிப் போனார்.

இத்தனைக்கும் இழுவைக்குத் தன் தாத்தா மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் உண்டு. கயிற்றை அளக்கும்போது விறைக்க இழுத்துப் பிடித்து அளப்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம். இழுத்து அளந்த பத்து மீட்டர், வீட்டுக்குப் போய் அவிழ்த்துப் போட்டால் பத்துக்குக் கொஞ்சம் குறையும். அதைக் கண்டுபிடித்தவர் தாத்தா. கல்லாவுக்கு மேலே அவருடைய போட்டோ மாட்டியிருந்தது. போட்டோக்காரனுக்குக் கொடுத்த காசை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த முகம். அந்த முகத்தில் பெருந்தன்மை எந்த மூலையில் இருக்கிறது என்று இழுவை பல மத்தியான நேரங்களில் தேடிப் பார்த்திருக்கிறார்.

தெருவில் ஒரே ஒரு ஆள் மட்டும் இழுவையிடம் பேரம் பேசியதில்லை. எதிர்க்கடைப் பூட்டக்கா. பூட்டும் சாவியும் செய்கிற கடை, மூன்று தலைமுறையாக அங்கேயே. பேங்க்காரர்கள் பெட்டகம் திறக்காவிட்டால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். கோர்ட்டு ஆள் சீல் வைத்த வீட்டைத் திறக்கும்போது அவள்தான் கூடப் போவாள். அறுபதைத் தொடப் போகிற வயதிலும் விரல் மெழுகு மாதிரி வளையும்.

இவள் பேரம் பேசத் தெரியாதவள் என்றால் அதுவும் இல்லை. காய்கறிக்காரர்கள் அவள் பை தெரு முனையில் தெரிந்ததுமே நல்ல தக்காளியை உள்ளே தள்ளுவார்கள். ஒரு விளக்குமாறு வாங்க அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறவள். ஆனால் கயிற்றுக்கடைக்கு வந்தால், “இது எவ்வளவு?” என்பாள். சொன்னதை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இழுவைக்கு இது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. பேரம் பேசாமல் வாங்குகிறவர் வியாபாரியை மனுஷனாக மதிக்கவில்லை என்று அர்த்தம். நான் என்ன, விலைச்சீட்டு ஒட்டின தகர டப்பாவா?

பலகை போன எட்டாம் நாள் மத்தியானம், குடையும் பழுப்புக் கோப்புமாக ஒருவர் கடைக்குள் வந்தார். வரலாற்றுப் பலகைகளைப் பார்த்துக்கொள்கிற ஆபீசர். மெதுவான குரல், மெதுவான நடை. உட்காரச் சொன்னதும் முதலில் நாற்காலியின் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“என் பொறுப்புல நூத்து நாப்பது பலகை சார்,” என்றார். “ஒரே ஆள் மூணு ஊர்ல பிறந்திருக்கார். ஒரு கிணத்தை ரெண்டு பேர் வெட்டியிருக்காங்க, ரெண்டு பேரும் தனியா. அதனால இந்தத் தடவை கறாரா இருக்கச் சொல்லியிருக்காங்க. பழைய பலகையைத் திருப்பி வார்க்கணும்னா ரெண்டு ஆதாரம் வேணும்.”

“ஒண்ணும் அவசரமில்ல. நிதானமாத் தேடுங்க. ஒரு பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்ல,” என்றார் இழுவை.

“ஒண்ணு இருக்கு. வெள்ளத்துக்கு அடுத்த மாசம் நகரசபை உங்க தாத்தாவுக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டிருக்கு. ரெண்டாவதைத் தேடப் போனேன். அங்கதான் சிக்கல்.” ஆபீசர் கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்தார். “வெள்ள விசாரணையில ஒரு படகோட்டி கொடுத்த வாக்குமூலம். படிக்கட்டுமா?”

படித்தார். ‘கயிற்றுக்கடைக்காரர் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தார். எதிர்க்கடைப் பூட்டுக்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்த கயிறு முழுவதையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.’

கல்லாவில் இருந்த மனைவி எழுதுவதை நிறுத்தினாள். இழுவை அண்ணாந்து போட்டோவைப் பார்த்தார். அப்படிச் சொல்லுங்க, என்று வாய் வரைக்கும் வந்தது.

“அப்போ எங்க தாத்தா ஊர்லயே இல்ல.”

“இல்ல போலிருக்கு. உங்களுக்கு வருத்தமா இருக்கும்…”

“ரொம்ப,” என்றார் இழுவை. “சரி, இப்போ என்ன செய்யறதா இருக்கீங்க?”

“ரெண்டு வழி. ஊர்ல இல்லாத மனுஷன் எப்படிக் கொடுத்தார்னு நீங்க குடும்பத்துச் சார்பா விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டா, பழைய வாசகமே நிக்கும். இல்லேன்னா படகோட்டி சொன்னதை வெச்சுப் புது வாசகம். பூட்டுக்காரர் பூட்டைத் திறந்து கயிறை எடுத்துக் கொடுத்தார்னு. கம்பத்தையும் எதிர்ப்பக்கம் நட்டுடுவோம். வெள்ளிக்கிழமை வாசகம் பட்டறைக்குப் போகணும்.”

ஆபீசர் குடையை விரித்துக்கொண்டு போனார். பிறகு மனைவி சொன்னாள்: “எதிர்ப்பக்கம்.”

“எதிர்ப்பக்கம்,” என்றார் இழுவை. பதினோரு வருஷத்தில் அவ்வளவு இனிமையான வார்த்தையை அவர் கேட்டதில்லை. “உரியவங்களுக்கு உரியது போய்ச் சேரணும். நாம யாரு தடுக்க?”

“சட்டையை மாத்திட்டுப் போய்ச் சொல்லிட்டு வாங்க. நல்ல சேதி.”

சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் எதிர்க்கடைக்குப் பள்ளத்தின் குறுக்கே போட்ட மரப்பலகை மேல் நடந்து போக வேண்டியிருந்தது. பூட்டக்கா கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு பெட்டிப் பூட்டின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி.

“வாங்க தம்பி. என்ன, புதுச் சட்டை?”

“அக்கா, உங்க குடும்பத்துக்கு ஒரு பெருமை வந்திருக்கு. நானே வந்து சொல்லணும்னு வந்தேன்.” இழுவை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாக்குமூலத்தை ஒரு வரி விடாமல் சொன்னார். கம்பம் இந்தப் பக்கம் வரப் போவதையும், இரும்பு எழுத்து நூறு வருஷம் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நல்ல சரக்கை எடுத்து விரித்துக் காட்டுகிற அதே குரல்.

பூட்டக்கா லென்ஸைக் கழற்றினாள். முகத்தில் பெருமையைக் காணோம். எழுந்து போய்த் தெருப்பக்கத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

“இது வேண்டாம் தம்பி.”

“என்னக்கா இப்படிச் சொல்றீங்க? இருநூத்துப் பன்னிரண்டு உயிர்.”

“உயிர் ரெண்டாவது வரியில வரும். ரோட்டுல போறவன் முதல் வரியோட நகர்ந்துடுவான். முதல் வரியில என்ன இருக்கும்? பூட்டுக்கடைக்காரன் எதிர்க்கடைப் பூட்டைத் திறந்தான். எங்களுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியும்னு ஊருக்கே தெரியும், தெரிஞ்சாத்தான் வியாபாரம். சொந்தக்காரன் இல்லாதப்போ திறந்தோம்னு ஒரே ஒரு ஆளுக்குத் தெரிஞ்சாலும் போச்சு. நாளைக்கு பேங்க்ல இருந்து கூப்பிடுவானா? கோர்ட்டுல கூப்பிடுவானா? நீங்களே சொல்லுங்க, உங்க வீட்டுக்குப் பூட்டு வாங்கணும். வாசல்ல இப்படி ஒரு கம்பம். எந்தக் கடைக்குப் போவீங்க?”

இழுவையின் மனசு பஸ் ஏறி அடுத்த ஊரில் இருக்கிற பூட்டுக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

“நான் கையெழுத்துப் போடலேன்னா தானா அதுதான் வரும் அக்கா.”

“தெரியுது. அதனாலதான் கதவைச் சாத்தினேன். உங்க தாத்தா உங்கப்பாகிட்ட சொல்லாததை இப்போ நான் உங்ககிட்ட சொல்லணும் போலிருக்கு.”

அவள் சொன்னது இதுதான். தண்ணீர் ஏறிய மூன்றாம் நாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களை இழுக்கக் கயிறு இல்லை. கயிறு இருக்கிற கடை பூட்டியிருந்தது. கதவை உடைக்கலாம் என்று கோடரி எடுத்தவர்களைத் தடுத்து, அவளுடைய தாத்தா ரெண்டு கம்பியை வைத்து ஒரு நிமிஷத்தில் பூட்டைத் திறந்தார். கயிறு எல்லாம் போனது. காலியான கடையை அவர் திரும்பவும் பூட்டினார். தொழில் பழக்கம். திறந்த பூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்குக் கை வரவில்லை.

“ஜனங்க கரை ஏறுற வரைக்கும் அவர் சாமி,” என்றாள் பூட்டக்கா. “கரை ஏறித் துணி காஞ்சதும் யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு நிமிஷத்துல திறந்தானே, நம்ம கடைப் பூட்டும் இவன் செஞ்சதுதானேன்னு. பக்கத்துத் துணிக்கடைக்காரர் பூட்டைக் கழட்டிட்டுக் கதவுக்குக் கட்டையைக் குறுக்கே போட்டாராம். எங்க தாத்தா கம்பி, அரம்னு தொழில் ஆயுதத்தை எல்லாம் சாக்குல சுத்தி வெச்சுட்டார், ஊரை விட்டுப் போக. உங்க தாத்தா ஏழாம் நாள் வந்து இறங்கறார். அவர் எப்படிப்பட்ட ஆள்னு ஊருக்கே தெரியும். இன்னிக்குக் கொலை விழும்னு தெருவே வேடிக்கை பார்க்க நிக்குது.”

இழுவை ஸ்டூல் நுனிக்கு வந்திருந்தார்.

“தன் சாவியைப் போட்டார். பூட்டு பழையபடி திறந்துச்சு, ஒரு கீறல் இல்ல. உள்ள பார்த்தார். ஒரு முழம் கயிறு இல்ல. அவ்வளவு சுத்தமாத் திறந்து பூட்ட ஊர்ல யாரால முடியும்னு அவருக்குத் தெரியாதா? வெளிய வந்தார். இந்தப் பக்கம் திரும்பிக் கத்தினார், தெரு முழுக்கக் கேக்கற மாதிரி. ‘என்னய்யா, சொல்லிட்டுப் போன மாதிரி எல்லாத்தையும் கொடுத்துட்டியா? ஒண்ணும் மிச்சம் வைக்கலையே?’”

இழுவை கதவு இடுக்கு வழியாகத் தன் கடை வாசலைப் பார்த்தார்.

“எங்க தாத்தா, ‘மிச்சம் இல்லீங்க’ன்னாராம். அன்னிக்குச் சாயங்காலமே உங்க தாத்தா இங்க வந்து ஒரு புதுப் பூட்டு வாங்கினார். ரெண்டு சாவி. ஒண்ணை இடுப்புல சொருகிக்கிட்டு, இன்னொண்ணை இதே மேஜையில வெச்சுட்டு, ‘இது இங்கயே இருக்கட்டும். யாராவது கேட்டா, சாவி உன்கிட்டதான் இருக்குன்னு சொல்லு’ன்னுட்டுப் போயிட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.”

அவள் எழுந்து சுவரின் மேல் மூலையில் இருந்த ஆணியைக் காட்டினாள். கறுத்துப்போன நீளச் சாவி ஒன்று தனியாகத் தொங்கியது. இழுவை அந்தச் சாவியை அடையாளம் கண்டுகொண்டார். இதன் ஜோடி அவர் வீட்டு அலமாரியில், எதற்கென்று தெரியாமல், தூக்கிப் போடவும் மனசில்லாமல் கிடந்தது.

“அதனாலதான் பேரம் பேசறதில்லையா?” என்று கேட்டார் இழுவை. “உங்க குடும்பத்துல யாரும்?”

“உங்க கடையில பேரம் பேசினா நாக்கு அழுகிடும்னு தாத்தா சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கும் நாக்கு அரிக்கத்தான் செய்யும் தம்பி. உங்க விலையெல்லாம் கேட்டுட்டு, வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போய், எங்க வீட்டுக்காரர்கிட்ட மொத்தமாத் தீத்துக்குவேன்.”

இழுவை தன் கையைப் பார்த்தார். தாத்தா கயிற்றை இழுத்து அளந்த மனுஷன். ஒரு முழத்துக்கு உயிரை விடுகிறவர். அப்படிப்பட்டவர் மொத்தக் கடையும் போனதைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குள் அவருக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? கடைக்குள்ளிருந்து வாசலுக்கு ஆறு காலடி. அந்த ஆறு காலடிக்குள் கணக்குப் போட்டு முடித்திருக்கிறார். பலகை சொல்வது பொய்தான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. கொடுத்தார். போனதற்கு நாலு நாள் கழித்துக் கொடுத்தார்.

“நான் கையெழுத்துப் போட்டா அந்தக் கம்பம் மறுபடி என் வாசலுக்கு வரும் அக்கா. அதால நான் படற பாடு உங்களுக்குத் தெரியாது.”

“தெரியாமலா? இங்க உக்காந்து பதினோரு வருஷமாப் பார்க்கறேன். நீங்க நூல் பந்தை இனாமாக் கொடுத்துட்டு உள்ள போய்ச் சுவத்தை முறைக்கிறதையும் பார்த்திருக்கேன்.” அவள் சிரிக்கவில்லை. “போடுங்கன்னு நான் கேக்க மாட்டேன். உங்க தாத்தாகிட்டயும் நாங்க கேக்கல.”

வியாபாரத்தில் வளர்ந்தவருக்கு இதைவிட மோசமான நிலைமை வேறு இல்லை. எதிரே இருப்பவர் ஒன்றும் கேட்கவில்லை என்றால் எதைக் குறைப்பது? இழுவை எழுந்து கதவு வரைக்கும் போனார். நின்றார். எந்தப் பேரத்திலும் அவர் கதவு வரைக்கும் போய் நிற்பது வழக்கம்தான், ஆனால் இந்தத் தடவை அது நடிப்பு இல்லை.

“போடறேன். ஆனா சும்மாப் போட மாட்டேன். எனக்கு ஒரு விலை இருக்கு.”

“சொல்லுங்க,” என்றாள் பூட்டக்கா, பூட்டு மேலிருந்து கையை எடுத்துவிட்டு.

“இனிமே என் கடைக்கு வந்தா நீங்க பேரம் பேசணும்.”

“அது முடியாது தம்பி. நாக்கு…”

“கொடுத்தவர் பேரன் சொல்றேன். உங்க நாக்குக்கு நான் பொறுப்பு.”

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசர் வந்தபோது இழுவை எழுதித் தயாராக வைத்திருந்தார். ரெண்டே வரி. ‘எங்கள் தாத்தா கடைச் சாவி ஒன்றை எதிர்க்கடைப் பூட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருந்தார் என்பது எங்கள் ரெண்டு குடும்பத்துக்கும் தெரியும். அந்தச் சாவி இன்றும் அங்கே இருக்கிறது.’ எப்போது கொடுத்தார் என்று எழுதவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் கயிற்றுக்கடையில் கிடையாது.

ஆபீசர் கோப்பும் குடையுமாகப் பள்ளத்தைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனார். இழுவையும் கூடப் போனார். பூட்டக்கா சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

“இது அந்தப் பூட்டோட சாவிதானா அம்மா?”

“அந்தக் கடைப் பூட்டோட சாவி.”

ஆபீசர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூற்று நாற்பது பலகைக்கு அலைந்த கண். சாவியைப் பார்த்தது, பூட்டக்காவின் முகத்தைப் பார்த்தது, இழுவையின் முகத்திலும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. பிறகு கோப்பில், ‘சாவி பார்வையிடப்பட்டது’ என்று எழுதினார்.

“இது நல்ல விஷயமா இருக்கே,” என்றார். “நம்பிக்கையோட சாவியை ஒப்படைத்திருந்தார்னு ஒரு வரி சேர்க்கலாமா? உங்க கடைப் பேரும் வரும்.”

“வேண்டாங்க,” என்றாள் பூட்டக்கா உடனே. “சாவி ஆணியிலயே இருக்கட்டும். கம்பத்துக்கெல்லாம் ஏத்தாதீங்க.”

“எனக்கு ஒரு வரி சேர்க்கணும்,” என்றார் இழுவை.

ஆபீசர் குடையைக் கீழே வைத்தார். “நாலு வரிக்கு மேல அச்சுல இடம் இல்ல சார்.”

“வரி வேண்டாம். நாலு வார்த்தை. ‘அந்த ஒரு நாள் மட்டும்’. விலை வாங்காமல்ங்கறதுக்கு முன்னாடி.”

“நாலு வார்த்தைக்கும் இடம் இல்ல.”

“இருக்கு. ‘பெருந்தன்மையுடன்’னு ஒண்ணு இருக்கே, அதைத் தூக்கிடுங்க. எவ்வளவு நீளம் பாருங்க. அதை எடுத்தா மூணு வார்த்தை தாராளமா உக்காரும். நாலாவதை நெருக்கி உக்கார வைக்கலாம்.”

“அது உங்க தாத்தாவைப் பாராட்டற வார்த்தை சார். குடும்பத்துக்காரங்க கூடக் கேட்டு வாங்குவாங்க. யாரும் எடுக்கச் சொன்னதில்ல.”

“அவருக்கு அந்த வார்த்தை பொருந்தாது,” என்றார் இழுவை. “பார்த்தா அவரே கோவிச்சுக்குவார்.”

டீ வந்தது. ஆபீசர் ‘மட்டும்’ வேண்டாம் என்றார். இழுவை ‘முழுவதையும்’ வேண்டாம், ‘கயிறு’ என்றாலே போதும் என்றார். ஆபீசருடைய பெண்ணின் பரீட்சை, இடுப்புவலி, மாற்றல் உத்தரவு எல்லாம் பேசி முடித்தபோது டீ ஆறியிருந்தது. நாலு வார்த்தையும் உள்ளே வந்துவிட்டன. பெருந்தன்மை வெளியே போய்விட்டது. பூட்டக்கா லென்ஸுக்குப் பின்னாலிருந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல ஆட்டம் நடக்கும்போது கை பரபரக்க ஓரமாக உட்கார்ந்திருக்கிறவளின் முகம் அது.

ரெண்டு மாதத்தில் சாலை முடிந்தது. புது நடைபாதையில், பழைய இடத்துக்கு ஒரு எட்டு தள்ளிப் புதுப் பலகை நின்றது. முதல் ஆளாக அதே லாரிக்காரர் வந்தார். பழக்க தோஷத்தில் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் முகம் தொங்கிவிட்டது.

“என்னண்ணே, ‘அந்த ஒரு நாள் மட்டும்’னு போட்டுட்டாங்க?”

“ஆமாப்பா. வரலாறு. நாம என்ன பண்ண முடியும்?”

லாரிக்காரர் தலையைச் சொறிந்தார். “அது என்ன தேதி?”

“ஏன்?”

“இல்ல, அன்னிக்கு வரலாமேன்னுதான்.”

இழுவை தேதி மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். மனைவி கல்லாவில் குனிந்து சிரித்தாள்.

அதற்கு மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பூட்டக்கா சாலையைத் தாண்டி வந்தாள். கையில் காய்கறிச் சந்தைக்குக் கொண்டு போகிற அதே பை. ஸ்டூலை அவளே இழுத்துப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“துணி காயப்போடக் கொடி கட்ட நைலான் கயிறு. பத்து மீட்டர். எவ்வளவு?”

இழுவை விலையைச் சொன்னார். வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றித்தான் சொன்னார்.

அவள் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள். நாக்கை ஒரு தடவை வாய்க்குள்ளேயே சுழற்றிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. அது பத்திரமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

“இந்தக் கயித்துக்கா?” என்றாள். “வெள்ளத்துல ஊறினது மாதிரி இருக்கு. பாதி சொல்லுங்க, யோசிக்கிறேன்.”

இழுவை மனைவியைப் பார்த்து டீ சொல்லச் சொன்னார். ரெண்டு டீ வந்தது, பிறகு இன்னும் ரெண்டு வந்தது. பெயிண்ட் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். பூட்டக்காவின் மருமகள், இழுவையின் சர்க்கரை வியாதி, நைலான் எந்த நாட்டில் செய்கிறார்கள் என்பது எல்லாம் வந்து போயின. ரெண்டு தடவை அவள் எழுந்து வாசல் வரைக்கும் போனாள், ரெண்டு தடவையும் இவர் கூப்பிட்டார். மூன்றாம் தடவை இவர் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தார், அவள் கூப்பிட்டாள். கடைசியில் முடிந்த விலையை இழுவை வெளியே சொல்லவில்லை. அவ்வளவு கீழே அவர் பதினோரு வருஷத்தில் யாருக்கும் போனதில்லை, பலகையைக் காட்டியவர்களுக்குக்கூட.

முகமெல்லாம் வேர்த்திருக்க, இழுவை சந்தோஷமாக எழுந்து, சுருளை எடுத்து, மேஜையில் அடித்திருந்த ரெண்டு ஆணிக்கும் நடுவே கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்து முதல் மீட்டரை அளந்தார்.

“தம்பி,” என்றாள் பூட்டக்கா.

“சொல்லுங்கக்கா.”

“இழுக்காம அளங்க.”